குலை நோய்ப் பூஞ்சைக்குப் பட்டினி பிடிக்குமா, யூரியா பிடிக்குமா? விவரம் தெரிஞ்சவங்க வாங்க

தாளடிக்காரன்:
வணக்கம். மன்னார்குடிப் பக்கம் விவசாயம். பி.எஸ்சி. அக்ரி முடிச்சவன். அதனால பாதி தெரியும், பாதி தெரியாது. அதுதான் தொல்லையே.

கேள்வி இதுதான். பயிர் நோயியல் வகுப்புல சொன்னது: நெல்லுல வர்ற குலை நோய்ப் பூஞ்சையை நைட்ரஜன் இல்லாத வளர்ப்பு ஊடகத்துல வளர்த்தா, நோய் உண்டாக்குற ஜீன்கள் சில முடுக்கிவிடப்படும். எம்பிஜி1ன்னு ஒண்ணைத்தான் எப்பவும் உதாரணமா சொல்லுவாங்க. அப்படின்னா பட்டினி கிடக்கிற பூஞ்சைதான் ஆபத்தானது.

வயல்ல நேர்மாறு. யூரியாவை அள்ளி வீசினவங்க வயல்லதான் முதல்ல கண் புள்ளி விழுது. போன சம்பாவுல எங்க வரப்புக்கு அந்தப் பக்கம் பயிர் கரும்பச்சையா நின்னுச்சு, பாக்கவே ஆசையா இருக்கும். மார்கழிப் பனி இறங்கின கையோட இலை பூரா புள்ளி. நடுவுல சாம்பல், ஓரத்துல பழுப்பு, ரெண்டு முனையும் கூர். எங்க பக்கம் அந்த அளவுக்கு இல்ல.

நைட்ரஜன் கிடைச்சா அந்த ஜீன் எல்லாம் அடங்கணுமே. ஏன் அடங்கல?

கொசுறு:
பசிச்சாலும் கடிக்குது, வயிறு நிறைஞ்சாலும் கடிக்குது. எங்க ஆபீஸ் மேனேஜரேதான். இழையைத் தொடர்கிறேன்.

கதிர்முற்றம்:
இதுல என்ன குழப்பம் தம்பி. தழைச்சத்து, அதான் நீ சொல்ற நைட்ரஜன், கூடினா இலை மெத்துனு ஆகும், தூர் நெருங்கிப் போகும், காத்து உள்ள போகாது, காலையில பத்து மணி ஆனாலும் பனி ஈரம் காயாது. நோய்க்கு அதுக்கு மேல என்ன வேணும்? நாங்க ஜீனைப் பாத்தா யூரியா போட்டோம்.

பூஞ்சைப்பித்தன்:
கதிர்முற்றம் ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. நெருங்கிய பயிரில் ஈரம் நிற்பதுதான் பூஞ்சையின் வித்து (ஸ்போர்) முளைக்க வழி. ஆனால் அது செடியின் பக்கத்துக் கதை. தாளடிக்காரன் கேட்பது பூஞ்சையின் பக்கம். என் முனைவர் பட்ட வேலை இந்தப் பூஞ்சையில்தான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். பூஞ்சை இலைமேல் இருக்கும்போது ஒரு பிராணி, இலைக்குள் போனபின் வேறு பிராணி. இரண்டுக்கும் சாப்பாடு வேறு, ஓடும் ஜீன்கள் வேறு. உங்கள் குழப்பம் முழுக்க இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

இலைமேல் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆய்வகத்தில் இதற்கு நெல் இலைகூட வேண்டாம். நீர் ஒட்டாத பிளாஸ்டிக் கவர்ஸ்லிப் போதும். வித்துகள் கலந்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, மூடிய ஈரப்பெட்டியில் வைத்துவிடுவோம். வித்துக்கு மூன்று அறை. ஓரிரு மணி நேரத்தில் ஓர் ஓர அறையிலிருந்து குழல் நீளும். நாலாவது மணி வாக்கில் அதன் நுனி கொக்கிபோல் வளைந்து வீங்க ஆரம்பிக்கும். எட்டு மணி நேரத்தில் உருண்டையான அப்ரசோரியம், அதாவது இலையைத் துளைக்கும் உறுப்பு, தெளிவாகத் தெரியும். மறுநாள் அதே ஸ்லிப்பைப் பார்த்தால் உருண்டை கருத்திருக்கும், அதைப் பெற்ற வித்து சுருங்கிச் செத்திருக்கும். தன் உறுப்புகளைத் தானே செரித்து எல்லாவற்றையும் உருண்டைக்கு அனுப்பிவிட்டுச் சாகிறது. இந்தச் செரிப்பு நடக்காதபடி ஜீனை நீக்கிவிட்டால் வித்து சாகாது, நோயும் வராது.

கவனியுங்கள், அந்தச் சொட்டில் வெறும் தண்ணீர்தான். வெளியிலிருந்து ஒரு துளி சர்க்கரை இல்லை, நைட்ரஜன் இல்லை. எல்லாம் வித்து கொண்டுவந்த கட்டுச்சோறு. அதில் முக்கியமானவை கிளைகோஜனும் கொழுப்புத் துளிகளும். பிஎம்கே1 என்ற கைனேஸ் (மற்ற புரதங்களுக்கு ஆணையிடும் நொதி) இல்லாவிட்டால் இந்தக் கையிருப்பு உருண்டைக்கு நகராது. செல்லுக்குள் தகவல் கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி வழியில் வேலை செய்யும் சிபிகேஏ என்ற இன்னொரு கைனேஸ் இல்லாவிட்டால் நகர்ந்தது கரைய வெகுநேரம் பிடிக்கும். கரைந்தால்தான் கிளிசரால் சேரும். உருண்டைக்குள் 3 மோலார் அளவுக்குக் கிளிசரால் ஏறுகிறது என்று 1997-ல் காட்டினார்கள். தண்ணீர் உள்ளே பாய்ந்து 80 வளிமண்டல அழுத்தம் வரை ஏறும். அந்த அழுத்தத்தில்தான் இலைத்தோலைக் குத்தித் துளைக்கிறது.

எம்பிஜி1 இந்தக் கட்டத்து ஆள். வித்து இலைமேல் ஒட்டிக்கொள்ள உதவும் நீர்விலக்கிப் புரதம் அது. "இங்கே சோறு இல்லை" என்ற தகவல் வந்ததும் அது உற்பத்தியாவதில் அதிசயம் இல்லை. இலையின் மேல்தோலில் சோறு ஏது?

மறுப்பாளி:
விளக்கம் நல்லா இருக்கு, ஆனா கேள்விக்கு இன்னும் பதில் வரல. மேலே பட்டினின்னு ஒத்துக்கறேன். அதனால யூரியா ஏன் நோயைக் கூட்டணும்? இன்னொண்ணு, "பட்டினி ஜீன் = நோய் ஜீன்" என்ற வாதமே பழைய வாதம். நைட்ரஜன் கட்டுப்பாட்டுக்கு மேலதிகாரின்னு சொல்ற நட்1 ஜீனை 1996-லயே நீக்கிப் பாத்தாங்க. பூஞ்சை அப்பவும் நோயை உண்டாக்குச்சு, புள்ளிதான் சின்னதாச்சு. மேலதிகாரி இல்லாமலே ஆபீஸ் நடக்குதுன்னா அவர் என்ன மேலதிகாரி?

தக்காளி இலைப்பூஞ்சைலயும் இதே கதை. அவிர்9 ஜீன் நைட்ரஜன் பட்டினியில கிளம்புது, அதனால இலைக்குள்ள பட்டினின்னு எல்லாரும் முடிவு கட்டினாங்க. 2001-ல் செல்களுக்கு நடுவில் இருக்கும் திரவத்தை எடுத்து அளந்தா, நோய் முற்ற முற்ற நைட்ரஜன் கூடுது. அளக்காம பேசக்கூடாது.

அப்புறம் யூரியாவை மட்டும் குற்றவாளிக் கூண்டுல ஏத்தாதீங்க. 1919-ல் தஞ்சை டெல்டாவையே இந்த நோய் சூறையாடியிருக்கு. அப்போ யூரியா மூட்டையை யார் கண்டா?

கொசுறு:
மேனேஜர் இல்லாட்டியும் ஆபீஸ் நடக்கும்னு அறிவியல்பூர்வமா நிரூபிச்சதுக்கு நன்றி.

பூஞ்சைப்பித்தன்:
மறுப்பாளி, நட்1 பற்றிச் சொன்னது சரி. நைட்ரேட்டைப் பயன்படுத்தவே முடியாத வகைகளும் நெல்லில் நோயை உண்டாக்குகின்றன. ஆகவே உள்ளே போனபின் அது தேடுவது நைட்ரேட் இல்லை. ஆனால் நட்1 தனியாள் இல்லை. ஜீன்களை முடுக்கும் புரதங்களில் காட்டா என்று ஒரு குடும்பம், நட்1 அதைச் சேர்ந்தது; அதே குடும்பத்தில் ஏஎஸ்டி4 என்று இன்னொருவர் இருக்கிறார். அவரை நீக்கினால் அப்ரசோரியமே உருவாகாது. 1996-ல் அவரைப் பற்றி யாருக்கும் தெரியாது.

ஏஎஸ்டி4-இன் வேலை என்ன என்பது 2015-ல் நெப்ராஸ்கா குழு எழுதியதிலிருந்து தெரிகிறது. நைட்ரஜன் நிறைந்த அமினோ அமிலமான குளூட்டமினைக் கரைத்துக் குறைப்பது. குளூட்டமின் நிறைய இருந்தால் டார் என்ற கைனேஸ் விழித்திருக்கும். "சாப்பாடு இருக்கிறது, சும்மா வளரு" என்பது அதன் ஆணை. அது விழித்திருக்கும்வரை சைக்ளிக் ஏஎம்பி வழி அடங்கியே இருக்கும், உருண்டை வராது. ஏஎஸ்டி4 இல்லாத வகைக்கு ராபமைசின் கொடுத்து டாரை அடக்கினால் உருண்டை திரும்ப வருகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த சோதனைகளில் ஒன்று. ஒரே மருந்து, ஒரே ஸ்லிப், எது எதற்கு மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெளிவாகிவிட்டது.

இனி உள்ளே. துளைத்துக்கொண்டு முதல் செல்லுக்குள் போனதும் பூஞ்சைக்கு எதிர்ப்படுவது சர்க்கரை. "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று அதற்குச் சொல்வது குளூக்கோஸ்-6-பாஸ்பேட். அதை உணரும் புரதம் டிபிஎஸ்1. பாடப்புத்தகத்தில் அது டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைத் தயாரிக்கும் நொதி என்று மட்டும் இருக்கும். 2007-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் குழு அந்தப் புரதத்தில் ஓரிரு அமினோ அமிலங்களை மட்டும் மாற்றிப் பார்த்தது. டிரெஹலோஸ் தயாரிக்கும் திறன் போனாலும் நோயுண்டாக்கும் திறன் போகவில்லை. குளூக்கோஸ்-6-பாஸ்பேட்டைப் பிடிக்கும் இடம் கெட்டால்தான் போகிறது. ஆக, நொதி வேலை அதற்கு உபதொழில். உண்மையான வேலை உளவு.

டிபிஎஸ்1 உணர்ந்ததும் சர்க்கரையை உடைக்கும் பென்டோஸ் பாஸ்பேட் வழி வேகம் எடுக்கும், அதில் உண்டாகும் என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருள் கூடும். அது கூடினால் என்எம்ஆர் என்ற மூன்று தடுப்புப் புரதங்கள் பிடியை விடும். அவை பிடித்து வைத்திருந்தது யாரை? அதே காட்டா குடும்பத்தாரை. 2010-ல் வந்த கட்டுரை இதை ஒரு சுவிட்ச் என்றே வர்ணித்தது. டிபிஎஸ்1 இல்லாத பூஞ்சையில் என்எம்ஆரில் ஒன்றையும் சேர்த்து நீக்கினால், போன நோய்த்திறன் ஓரளவு திரும்புகிறது.

அதாவது நைட்ரஜன் ஜீன்களின் கயிறு இருப்பது சர்க்கரையின் கையில். வகுப்பில் கார்பன் ஒரு பாடம், நைட்ரஜன் ஒரு பாடம் என்று பிரித்து நடத்துவதால் இது பிடிபடுவதில்லை.

தாளடிக்காரன்:
அண்ணா, இப்பத்தான் புரிய ஆரம்பிக்குது. ஆனா ஒரு இடத்துல மாட்டுது. குளூட்டமின் இருந்தா உருண்டை வராதுன்னீங்க. யூரியா போட்ட பயிர்ல குளூட்டமின்தானே கூடும்? அப்போ நோய் குறையணும் இல்ல?

பூஞ்சைப்பித்தன்:
கேட்க வேண்டிய கேள்வி. டார் பார்ப்பது பூஞ்சை செல்லுக்குள் இருக்கும் குளூட்டமினை. இலைமேல் உட்கார்ந்திருக்கும் வித்துக்கு, செடியின் செல்லுக்குள் இருக்கும் குளூட்டமின் எட்டாது. நடுவில் மெழுகும் மேல்தோலும் இருக்கின்றன. அதனால் உருண்டை தடையில்லாமல் வரும். துளைத்து உள்ளே விழுந்தபின்தான் விருந்து.

மான்ட்பெலியர் குழு ஒன்று 2017-ல் இந்த யூரியாக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. தழைச்சத்து கூடின செடி எதிர்ப்பில் சோடைபோகவில்லை, அதன் தற்காப்பு ஜீன்கள் நன்றாகவே வேலை செய்தன. கூடியது பூஞ்சையின் தாக்கும் ஜீன்கள். செடியின் குளூட்டமினுக்கும் இதில் பங்கு உண்டு என்று அவர்கள் சோதனைகள் காட்டின. ஆகவே கதிர்முற்றம் ஐயா சொன்ன ஈரமும் நெருக்கமும் ஒரு பக்கம், உள்ளே கிடைக்கும் தீனி ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்துதான் உங்கள் பக்கத்து வயல்.

1919 கேள்விக்கு: எருவும் தழையுரமும் போட்ட வயலிலும் தழைச்சத்து இருந்தது, பனியும் இருந்தது. நோய் வர யூரியா அவசியம் என்று யாரும் சொல்லவில்லை.

கதிர்முற்றம்:
கடைசியில நான் சொன்னதுலயே வந்து நின்னீங்க. பரவாயில்ல, நல்லா விளக்கமா இருந்துச்சு.

உரக்கடை மாமா:
நான் படிச்சது பத்தாவது, கடை வச்சு ரொம்ப வருசம். ஜீன் சமாச்சாரம் தலைக்கு மேல போகுது. ஒரு சந்தேகம் மட்டும். குலை நோய்க்கு டிரைசைக்ளசோல் மருந்து வாங்கிட்டுப் போறவங்க பாதிப் பேரு திரும்பி வந்து "அடிச்சும் புள்ளி போகல, டூப்ளிகேட் மருந்தா மாமா?"ன்னு சண்டைக்கு நிக்கிறாங்க. அதே மருந்தை முன்னாடியே அடிச்சவன் சந்தோசமா இருக்கான். என்ன கணக்கு இது?

பூஞ்சைப்பித்தன்:
மாமா, நீங்கள் கேட்டதும் ஜீன் சமாச்சாரம்தான். மேலே உருண்டை கருக்கும் என்றேனே, அந்தக் கருப்பு மெலனின். அது பூசாவிட்டால் கிளிசரால் வெளியே கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது, துளைக்க முடியாது. மெலனின் உண்டாக்க வரிசையாக மூன்று ஜீன்கள்: ஏஎல்பி1, ஆர்எஸ்ஒய்1, பியூஎஃப்1. எது கெட்டாலும் பூஞ்சையின் நிறம் மாறும், முறையே வெள்ளை, ரோஜா, வெளிர்பழுப்பு. மூன்றுமே செடியைத் துளைக்க முடியாத வகைகள். டிரைசைக்ளசோல் அடைப்பது இந்த வழியில் உள்ள ரிடக்டேஸ் நொதியை.

இந்த மருந்து பூஞ்சையைக் கொல்லாது. தட்டில் கலந்து வளர்த்துப் பாருங்கள், கூட்டம் பாட்டுக்கு வட்டமாகப் பரவும், நிறம் மட்டும் கருப்பு போய்ச் செம்பழுப்பாக இருக்கும். அதனால் ஏற்கனவே இலைக்குள் போனதை இது ஒன்றும் செய்யாது. புள்ளி வெளியே தெரியும்போது பூஞ்சை உள்ளே போய் நாலைந்து நாளாகியிருக்கும். அந்தப் புள்ளி போகாது, புதிதாக உள்ளே போவது மட்டும் நிற்கும். கடைக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்லிவிட்டுக் கொடுத்தால் சண்டை குறையும்.

இதே மெலனின் வழியில் வேறொரு நொதியை அடைக்கும் கார்ப்ரோபமிட் என்ற மருந்துக்கு ஜப்பானில் 2001 வாக்கிலேயே பூஞ்சையில் எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது. நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதுதான் காரணம். டிரைசைக்ளசோல் அதைவிட மூத்தது, இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

தாளடிக்காரன்:
அப்போ டிபிஎஸ்1-ஐ அடைக்கிற மருந்து கொண்டுவந்தா இன்னும் நல்லதாச்சே?

மறுப்பாளி:
நெல்லுக்கும் டிபிஎஸ் ஜீன் இருக்கு. டிரெஹலோஸ்-6-பாஸ்பேட் செடிக்கும் சர்க்கரைக் கணக்குச் சொல்ற பொருள்தான். பூஞ்சையை மட்டும் பாத்து அடிக்கிற மாதிரி மருந்து செய்யணும், லேசான காரியம் இல்ல.

பூஞ்சைப்பித்தன்:
ஆமாம். ஆனால் டிரெஹலோஸ் பக்கம் கைவைக்கும் மருந்து உங்கள் கடையிலேயே இருக்கிறது மாமா. வாலிடாமைசின். அது டிரெஹலோஸை உடைக்கும் நொதியை அடைக்கிறது. ஜப்பானில் 1970-களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் உள்ளது. இலையுறைக் கருகலுக்குத்தான், குலை நோய்க்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

நுண்ணோக்கி:
மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை. நெல் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் படிக்கப் படிக்க என் தட்டுகளில் இருக்கும் கேண்டிடா என்ற மனிதரைத் தாக்கும் பூஞ்சையைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கிறது.

மனித உடம்பில் மேக்ரோபேஜ் என்ற கிருமி விழுங்கும் செல் கேண்டிடாவை விழுங்கியதும் உள்ளே குளூக்கோஸ் தட்டுப்பாடு. உடனே பூஞ்சை கிளைஆக்ஸிலேட் சுழற்சியின் ஜீன்களை முடுக்குகிறது. கொழுப்பிலிருந்து சர்க்கரை செய்யும் வழி அது, நம் செல்களில் கிடையாது. அதன் முதல் நொதி ஐசிஎல்1 இல்லாத கேண்டிடா எலியில் வீரியம் குறைந்து போகிறது என்று 2001-ல் வந்த கட்டுரைக்குப் பிறகுதான் இந்தத் துறையே சூடுபிடித்தது.

அதைவிடச் சுவையானது பின்னால் வந்தது. ரொட்டி ஈஸ்ட்டுக்குக் குளூக்கோஸ் காட்டினால் இரண்டு காரியம் செய்யும்: ஐசிஎல்1 ஜீனை அணைக்கும், இருக்கிற நொதியையும் யுபிகுவிட்டின் முத்திரை குத்திச் சிதைத்துவிடும். கேண்டிடாவும் ஜீனை அணைக்கிறது, ஆனால் நொதியைச் சிதைப்பதில்லை. அதன் ஐசிஎல்1 புரதத்தில் முத்திரை குத்தும் இடம் இல்லை. 2012-ல் அபர்டீன் ஆட்கள் காட்டியது. விளைவு, ரத்தத்தில் குளூக்கோஸ் இருக்கும்போதே பக்கத்தில் லாக்டேட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். ஆர்என்ஏ அளவை மட்டும் பார்த்து "இந்த வழி அணைந்துவிட்டது" என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதே இல்லை.

இன்னொன்றும் செய்யும். சர்க்கரை இல்லாதபோது அமினோ அமிலங்களைத் தின்று அம்மோனியாவை வெளியே விடும். சுற்றிலும் அமிலத்தன்மை குறையும், அது கேண்டிடாவை நூல்வடிவத்துக்கு மாற்றும், நூல் மேக்ரோபேஜைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

மறுப்பாளி:
மேடம், ஐசிஎல்1 எல்லாருக்கும் பொருந்தாது. நுரையீரல்ல வர்ற ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகாட்டஸ்ல அதே ஜீனை நீக்கினாங்க, எலி வழக்கம்போல நோய்ப்பட்டுச்சு. குலை நோய்ப் பூஞ்சைல நீக்கினா முளைப்பும் துளைப்பும் தாமதமாகுது, அவ்வளவுதான். ஒவ்வொண்ணும் எந்த இடத்துல மாட்டிக்குதோ அங்க கிடைக்கிறதுக்குத் தக்கபடி கம்பியை மாத்திப் பூட்டியிருக்கு.

நுண்ணோக்கி:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் சார். கம்பி மாற்றத்துக்கு நல்ல சாட்சி ஜீன்களை முடுக்கும் கேல்4 என்ற புரதம். ரொட்டி ஈஸ்ட்டில் அது கேலக்டோஸ் ஜீன்களுக்குப் பொறுப்பு, பாடப்புத்தகத்திலேயே வரும். கேண்டிடாவில் அதே கேல்4 குளூக்கோஸை உடைக்கும் கிளைகாலிசிஸைப் பார்த்துக்கொள்கிறது, டிஒய்இ7 என்ற கூட்டாளியோடு. ஒரே பெயர் இருக்கிறதே என்று வேலையையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

நாற்றங்கால்:
நடுவுல ஒரு தகவல். குலை நோய் ஆராய்ச்சி உலகத்துல எங்க நடந்தாலும், நோய் பிடிக்குதான்னு சோதிக்க அவங்க வளர்க்கிற நெல்லுல ஒண்ணு நம்ம கோ 39. கோயம்புத்தூர் ரகம். சுலபமா நோய் வாங்குறதால அதுக்கு அந்த மரியாதை. பூஞ்சையோட ஒரு ஜீனுக்கே ஏவிஆர்1-கோ39ன்னு பேர் இருக்கு. ஆய்வகங்கள்ல வளர்க்கிற பூஞ்சை வகைல பிரபலமான கை11 பிரெஞ்சு கயானாவுல எடுத்தது. கயானா பூஞ்சையும் கோவை நெல்லும் எக்ஸிடர்ல சந்திச்சிருக்கு.

கொசுறு:
நோய் வாங்குறதுக்கெல்லாம் உலகப் புகழ் கிடைக்குதா!

தாளடிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நான் எடுத்துக்கிட்டது: தழைச்சத்தை ஒரே மூச்சுல கொட்டக் கூடாது. இலை வண்ண அட்டை வச்சுப் பாத்துப் போடலாம்னு இருக்கேன். இலைப் பச்சை அட்டையில வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் எண், மத்த ரகத்துக்கு 4ஆம் எண், அதுக்குக் கீழ போனா மட்டும் யூரியா. உமிச்சாம்பலும் போடலாமா? சிலிக்கா நல்லதுன்னு படிச்சேன்.

கதிர்முற்றம்:
போடு தம்பி. இலை விறைப்பா நிக்கும். அரவை மில்லுல கேட்டா கிடைக்கும்.

உரக்கடை மாமா:
கடைசியா ஒண்ணு. கழுத்துக் குலைக்கு எப்போ அடிக்கச் சொல்லட்டும்? கதிர் வந்து கழுத்து கருத்தப்புறம்தான் ஓடி வர்றாங்க.

பூஞ்சைப்பித்தன்:
கழுத்து கருத்தபின் அடிப்பது காசுக்குக் கேடு மாமா. கழுத்துக்குள் போவதற்கும் அதே உருண்டை, அதே மெலனின் வேண்டும். அதனால் பொதி வெடித்துக் கதிர் எட்டிப்பார்க்க ஆரம்பிக்கும்போதே மருந்து மேலே இருக்க வேண்டும். பனியும் மேகமூட்டமும் தொடர்ந்தால் பத்து, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. அளவு பாக்கெட்டில் போட்டிருக்கும், அதற்கு மேல் கலக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.